கத்திரி வெயில் நடுவில் போர்வை: ஏப்ரலில் 43 டிகிரி, மே மாதத்தில் விடாத மழை. உங்கள் ஊரில் எப்படி?

நொய்யல்வாசி (ஈரோடு) | 19 மே 2024, காலை 7.40

ஏப்ரல் முழுக்க ஈரோட்டில் நாங்கள் பட்ட பாடு இங்கே எல்லாருக்கும் தெரியும். 42, 43 டிகிரி. மாநிலப் பட்டியலில் பல நாள் எங்கள் ஊர்தான் முதலிடம். ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும். மாடித் தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் குளித்தோம். மே முதல் வாரம் வரைக்கும் இதே நிலைமை.

இப்போது அப்படியே தலைகீழ். கத்திரி 28ஆம் தேதி வரை இருக்கிறது, ஆனால் சில நாளாக வானம் மூடியே கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் இடியும் மழையும். விடியற்காலையில் அப்பா போர்வை கேட்கிறார். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

இரண்டே வாரத்தில் இப்படி மாற என்ன காரணம்? இந்தக் குளிர்ச்சி நிற்குமா, இல்லை திரும்ப வறுத்தெடுக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் பக்கம் எப்படி என்று எழுதுங்கள்.

நீலமலை (குன்னூர்) | 19 மே 2024, காலை 8.25

எங்கள் பக்கம் நடந்ததைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். ஏப்ரல் 29ஆம் தேதி ஊட்டியில் 29 டிகிரி. 1951லிருந்து இருக்கும் கணக்கில் அதுதான் உச்சம். அதற்கு முன்னால் 1986இல் 28.5. சமவெளிக்காரர்களுக்கு 29 என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் இங்கே வீடுகளில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. தேயிலைச் செடிகள் வாடிக் கொழுந்தே வரவில்லை. காட்டுப் பக்கம் புகை தெரிந்தாலே எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது.

இப்போது மழை. 18 முதல் 20 வரை நீலகிரிக்கு வர வேண்டாம் என்று மாவட்ட ஆட்சியரே சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேட்டுப்பாளையம் மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயில் நின்றது. மூன்று வாரத்துக்கு முன்னால் வெயிலுக்குப் பயந்து ஏறி வந்த கூட்டம், இப்போது மழைக்குப் பயந்து இறங்குகிறது. தேயிலைக்கு இந்த மழை உயிர்த்தண்ணீர். அதை மறுக்கவே மாட்டேன்.

ராடார்பித்தன் (சென்னை) | 19 மே 2024, காலை 10.05

நொய்யல்வாசி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏப்ரலில் தீபகற்பத்துக்கு மேலே காற்று கீழ்நோக்கி அமுங்கிக் கிடந்தது. அமுங்கும் காற்று சூடாகும், மேகத்தையும் எழவிடாது. அதோடு வடமேற்கிலிருந்து உலர்ந்த தரைக்காற்று. வழக்கமாக ஏப்ரலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும் இடிமழை இந்த வருஷம் பெரும்பாலான மாவட்டங்களை எட்டிப் பார்க்கவே இல்லை. மண்ணில் ஈரம் இல்லை. இதுதான் முக்கியம். ஈர மண்ணில் விழும் வெயிலில் ஒரு பெரும் பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். மண் காய்ந்துவிட்டால் அத்தனை வெப்பமும் நேரே காற்றைச் சூடாக்கும். ஈரோடு, கரூர், சேலம், வேலூர் எல்லாம் அதனால்தான் வெந்தன. கடற்காற்று அங்கெல்லாம் எட்டாது.

மே இரண்டாம் வாரத்தில் அமைப்பு மாறியது. குமரிக்கடல் பக்கம் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்தது. உள் மாவட்டங்களின் மேல் கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் உரசும் கோடு ஒன்று விழுந்தது. தரை சூடு, மேலே ஈரம், காற்றைத் தூக்கிவிட ஒரு கோடு. மூன்றும் சேர்ந்தால் மேகம் கோபுரமாக எழும்.

குளிர்ச்சி வருவதற்கு மழைத்தண்ணீர் மட்டும் காரணம் இல்லை. மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று கனமாகித் தடதடவென்று கீழே இறங்கும். மழைக்கு முன்னால் புழுதியோடு சில்லென்று ஒரு காற்று அடிக்குமே, அதுதான் இது. மறுநாள் மேகம் மூடியிருந்தால் வெயில் தரைக்கே வராது. மண்ணும் ஈரம். அதனால் பகல் உச்சம் பத்து டிகிரி சரிவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

நிற்குமா என்றால், வங்கக் கடலில் 22ஆம் தேதி வாக்கில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகலாம் என்கிறார்கள். அது வலுத்து வடக்கே போனால் நம் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். வட மாவட்டங்களில் வெயில் திரும்பும். உங்கள் பக்கம் ஏப்ரல் அளவுக்கு வராது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நீலமலை சொன்ன 29 டிகிரி, வழக்கத்தைவிட 5 டிகிரிக்கு மேல் அதிகம். ஆனாலும் வானிலைத் துறைக் கணக்கில் அது வெப்ப அலை ஆகாது. மலைப்பகுதிக்கு 30 டிகிரியாவது தொட வேண்டும், சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37. அந்த அளவைத் தொட்ட பிறகுதான் வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்றே பார்ப்பார்கள்.

ஆழியாறு (பொள்ளாச்சி) | 19 மே 2024, காலை 11.30

அருமையா எழுதியிருக்கீங்க ராடார். எங்க பக்கம் தென்னைக்கு லாரித் தண்ணி விலைக்கு வாங்கி ஊத்தினோமுங்க. அப்பிடியும் மட்டை தொங்கிப்போச்சு, குரும்பை கொட்டிப்போச்சு. இந்த மழை இன்னும் பத்து நாள் தள்ளிப் போயிருந்தா பல தோப்பு கருகியிருக்கும். மட்டை நிமிர ஆரம்பிச்சிருக்கு. காய்ப்பு திரும்ப வருஷமாகும், இருந்தாலும் மரம் பொழைச்சுது. கோடை உழவும் ஓட்டியாச்சு. "சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்"னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. எல்லாரும் கும்பிட வேண்டிய மழைங்க இது.

பருத்திக்காடு (திருவாரூர்) | 19 மே 2024, மதியம் 1.15

எல்லாரும் என்று எழுதாதீர்கள் ஆழியாறு அண்ணே. உங்கள் தோப்பு பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டெல்டாவுக்கு வந்து பாருங்கள்.

மேட்டூர் அணையில் தண்ணீர் இல்லை, குறுவை நெல் கேள்விக்குறி. அதனால் பலர் சம்பா அறுத்த வயலில் பருத்தி போட்டோம். தை, மாசியில் விதைத்தால் வைகாசியில் காய் வெடிக்கும். சரியாக அந்த நேரத்தில் மழை. வெடித்த பஞ்சில் தண்ணீர் ஏறினால் செடியிலேயே தொங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. வெள்ளை போய்ப் பழுப்பாகிறது. நேற்று நான் ஒரு காயைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே கொட்டை முளைவிட்டிருக்கிறது. வெடிக்காத காய் அழுகுகிறது. வாய்க்கால் தூர்ந்து கிடப்பதால் வயலில் நின்ற தண்ணீர் வடியவில்லை. இரண்டு நாள் வேர் மூழ்கினாலே பருத்தி அப்படியே துவண்டுவிடும், நெல் மாதிரி தாங்காது.

எடுத்த பஞ்சையும் காயவைக்க வெயில் இல்லை. ஈரப் பஞ்சை ஏலத்துக்குக் கொண்டுபோனால் வியாபாரி கையை விட்டுப் பார்த்ததுமே விலையைக் குறைத்து எழுதுகிறார். பக்கத்து வயல் எள்ளு முழுக்க அழுகிப்போச்சு.

வெயிலில் எங்களுக்கும்தான் நாக்கு தள்ளியது. ஆனால் அந்த வெயிலை நம்பித்தான் கடன் வாங்கி விதைத்தோம்.

உப்பளம் (வேதாரண்யம்) | 19 மே 2024, மதியம் 2.50

பருத்திக்காடு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வருஷத்து வருமானமே இந்தச் சில மாதம்தான். பாத்தியில் தண்ணீர் விட்டு, வெயிலில் சுண்டச் சுண்ட டிகிரி ஏறும். 24, 25 டிகிரிக்கு மேல் போனால் உப்பு பூக்கும். (இந்த டிகிரி சூட்டுக் கணக்கு இல்லை, உப்புத் தண்ணீரின் அடர்த்திக் கணக்கு.) ஏப்ரல் வெயிலில் உப்பு நன்றாக விளைந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு நல்ல மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்து போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், டிகிரி இறங்கிவிடும். நீர்த்துப்போன தண்ணீரை வெளியேற்றி, சேறான பாத்தியைத் திரும்ப மிதித்து இறுக்கி, புதுத் தண்ணீர் விட்டு, முதலிலிருந்து சுண்டவைக்க வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்தால் மறுபடி அதே வேலை. வாரிக் குவித்த அம்பாரத்தை ஓலை போட்டு மூடிக் காப்பாற்றலாம். பாத்தியை எதை வைத்து மூடுவது? உப்பு வாருகிற பெண்களுக்கு அன்றன்றைக்குக் கூலி. வேலை நின்றால் அடுப்பு நின்றது. கொரோனாவையும் வெள்ளத்தையும் இடர் என்று கணக்கில் எடுப்பது மாதிரி இதை யாரும் எடுப்பதில்லை.

நொய்யல்வாசி (ஈரோடு) | 19 மே 2024, மாலை 4.10

இரண்டு பேர் எழுதியதையும் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஒரு கேள்வி. மழை எச்சரிக்கை முன்பே வந்திருந்ததே? அதை வைத்துப் பருத்தியை முன்கூட்டி எடுத்திருக்க முடியாதா? குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

பருத்திக்காடு (திருவாரூர்) | 19 மே 2024, மாலை 5.30

வெடித்ததை மட்டும்தான் எடுக்க முடியும். ஒரே செடியில் பூ, பிஞ்சு, காய், வெடித்தது எல்லாம் ஒன்றாக இருக்கும். மூன்று நான்கு முறை எடுக்க வேண்டும். ஊர் முழுக்க ஒரே நாளில் ஆள் தேடினால் யார் கிடைப்பார்கள்?

எச்சரிக்கை வந்தது உண்மை. "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை." அந்த ஓரிரு இடத்தில் என் வயல் உண்டா இல்லையா என்று யார் சொல்வது? தினமும் இதையே கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது.

ராடார்பித்தன் (சென்னை) | 19 மே 2024, இரவு 7.20

இதில் கொஞ்சம் வானிலைத் துறை பக்கமும் பேச வேண்டும். கோடை இடிமழை ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர் அகலம்தான். ஒரு மேகம் எழுந்து, கொட்டி, கலைய ஒரு மணி நேரம் போதும். உங்கள் ஊராட்சியில் விழுமா, அடுத்ததில் விழுமா என்று முந்தின நாள் யாராலும் சொல்ல முடியாது. ராடாரில் மேகம் எழுந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் சொல்லலாம். "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் என்று அர்த்தம். அவர்கள் மழுப்பவில்லை, தெரிந்ததை அப்படியே சொல்கிறார்கள்.

ஆனால் உங்கள் ஆதங்கத்தில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்பதெல்லாம் பெரும்பாலும் மழையின் அளவை வைத்துத்தான். ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டர் தொட்டால் கனமழை, 115.6க்கு மேல் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. இந்த அளவெல்லாம் வெள்ளத்தை மனதில் வைத்துப் போட்டவை. வெடித்த பருத்திக்கு 30 மில்லிமீட்டரே போதும். உப்புப் பாத்திக்கு அதுவும் தேவையில்லை. அந்த மழைக்கு வரைபடத்தில் எந்த நிறமும் இல்லை. ஒரு வாரம் முன்பே "இனி தொடர்ந்து ஈரமான நாட்கள்" என்பது வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் தெளிவாகத் தெரிந்தது. தூறல் என்றாலும் ஏழு நாள் வெயில் இருக்காது என்று பருத்திக்காரருக்கும் உப்பளக்காரருக்கும் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

கள அலுவலன் (தஞ்சாவூர்) | 19 மே 2024, இரவு 8.45

வேளாண்மைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அப்படிச் சொல்வதற்குத்தான் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிகளில் வருகிறது. மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். ஆனால் மாவட்ட அளவில் அதைத் தயாரிக்க அமைத்த மையங்கள், நாடு முழுக்க 199, இந்த வருஷத் தொடக்கத்தில்தான் மூடப்பட்டன. இந்தக் கோடையில் அந்த இழப்பு வயலில் தெரிகிறது. இது என் கருத்து, அழுத்தமான கருத்து.

பருத்திக்காடு, உடனே செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் பகுதியில் பருத்தி காப்பீட்டுக்கு அறிவிக்கை செய்யப்பட்ட பயிரா, நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பயிர்க் காப்பீட்டில் வயலில் தண்ணீர் தேங்கிய இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்ணீர் நிற்கும்போதே, நாளும் இடமும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்துவையுங்கள். வடிந்த பிறகு எடுத்த படத்தை வைத்து யாரும் வாதாட முடியாது. நனைந்த பஞ்சை நல்ல பஞ்சோடு கலக்காதீர்கள், தனி மூட்டையாகக் கட்டுங்கள். கலந்தால் மொத்தத்துக்கும் விலை போய்விடும்.

சாரல் (தென்காசி) | 20 மே 2024, காலை 6.55

பயிர் நஷ்டத்தைப் பேசுகிறோம். எங்கள் ஊரில் ஓர் உயிரே போய்விட்டது. 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டான். கூட்டம் சிதறி ஓடுகிற காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் அருவிக்குப் போகும்போதே ஒரு கண் மேலே இருக்கும். மே மாதத்தில் யார் அப்படிப் பார்ப்பார்கள்? கோடை விடுமுறை, வெயில், அருவியில் கொஞ்சமாகத் தண்ணீர் விழுகிறது, குழந்தைகளோடு கிளம்பிவிடுகிறோம். கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டும். பாறைச் சரிவில் விழுந்த மழையை மண் பிடித்து வைக்காது, நிமிஷக் கணக்கில் கீழே வந்துவிடும். விழுகிற தண்ணீர் செம்மண் நிறமானால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், சத்தம் மாறினால் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேடு பார்த்து ஏறிவிடுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு பலகையாவது அங்கே பெரிதாக வேண்டும்.

இடி மின்னலுக்கும் இதே கதைதான். மே மாத மேகம் உயரமானது, மின்னல் அதிகம். ஆடு மேய்ப்பவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. தாமினி என்று ஒரு செயலி இருக்கிறது, பக்கத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். வீட்டில் ஒரு ஃபோனிலாவது போட்டுவையுங்கள்.

மார்கழித்திங்கள் (மதுரை) | 20 மே 2024, காலை 9.30

ஒரு சந்தேகம். பரணி மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதல் பாதம் வரை சூரியன் இருக்கிற காலம்தானே கத்திரி. மார்கழி கர்ப்போட்டத்தில் கருக்கொண்ட மேகம், கத்திரியில் மழை பெய்தால் கர்ப்பம் கலைந்து ஐப்பசி மழை பொய்க்கும் என்று எங்கள் அப்பத்தா உறுதியாகச் சொல்கிறார். வெயில் கொளுத்தினால்தான் அடைமழை என்பது அவர் கணக்கு. இதில் ஏதாவது உண்டா?

ராடார்பித்தன் (சென்னை) | 20 மே 2024, காலை 10.40

அப்பத்தா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்களின் கணக்கு அது. ஆனால் மே மாத இடிமழைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் பார்த்த தரவுகளில் தெரியவில்லை. ஐப்பசி மழையைத் தீர்மானிப்பது வங்கக் கடல், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினா, இந்தியப் பெருங்கடலின் வெப்ப நிலை போன்றவை. இப்போது எல் நினோ தளர்ந்துகொண்டிருக்கிறது. டிசம்பரில் இதே இழைக்கு வருவோம்.

வேளச்சேரி ஏரி (சென்னை) | 30 மே 2024, இரவு 9.15

ராடார் சொன்னபடியே ஆகிவிட்டது. ரெமல் புயல் 26ஆம் தேதி மேற்கு வங்கத்துக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே கரையேறியது. ஈரத்தையெல்லாம் கூடவே அள்ளிக்கொண்டு போய்விட்டது. கத்திரி முடிந்த பிறகு சென்னையில் 40 டிகிரி. மதியம் கடற்காற்று வருமா என்று வாசலில் நின்று பார்க்கிறோம், வரவில்லை. ஊரெல்லாம் குளிர்ந்தது என்று இங்கே படித்தபோது எங்களுக்கு அவ்வளவாக மழையும் இல்லை. கேரளத்தில் இன்று பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்திருக்கிறார்கள், அது ஒன்றுதான் ஆறுதல்.

மே 2ஆம் தேதி மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்று புது உச்சம் தொட்டது. நடுவில் மழையால் இறங்கியது. இப்போது எங்கள் தெருவில் மறுபடி மின்னழுத்தம் குறைந்து குளிர்சாதனப் பெட்டி திணறுகிறது.

ஆழியாறு (பொள்ளாச்சி) | 1 ஆகஸ்ட் 2024, காலை 7.05

மேட்டூர் ஜூலை 30ஆம் தேதி 120 அடி நிரம்பிடுச்சுங்க! மே மாசம் 50 அடியை ஒட்டிக் கிடந்த அணை. கோடை மழையால இல்லை, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழிஞ்சதால வந்த தண்ணி. பருத்திக்காடு தம்பி, உங்களுக்குத் தண்ணி வந்துச்சா? காப்பீடு என்னாச்சு?

பருத்திக்காடு (திருவாரூர்) | 1 ஆகஸ்ட் 2024, இரவு 8.20

28ஆம் தேதிதான் திறந்தார்கள் அண்ணே. வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தாண்டி இத்தனை நாள் ஆனதால் ஆறு வழியாகக் குறுவை இல்லை. ஆழ்குழாய் வைத்திருப்பவர்கள் மட்டும் போட்டார்கள். நாங்கள் சம்பாவுக்கு நாற்று விடத் தயாராகிறோம்.

காப்பீட்டுக்குப் படத்தோடு மனு கொடுத்தேன், ஆய்வுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் பதில் இல்லை. தனியாகக் கட்டிய நல்ல பஞ்சுக்கு ஓரளவு விலை கிடைத்தது. கள அலுவலன் ஐயாவுக்கு நன்றி, அந்த ஒரு யோசனை கைகொடுத்தது.

மார்கழித்திங்கள் (மதுரை) | 4 டிசம்பர் 2024, மாலை 6.30

டிசம்பரில் வருவோம் என்றீர்களே ராடார், வந்துவிட்டேன். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் 48க்கு மேல், ஊத்தங்கரையில் 50. கத்திரியில் அவ்வளவு மழை பெய்தும் கர்ப்பம் கலையவில்லை. அப்பத்தாவிடம் சொன்னேன். "ஒரு வருசத்தை வச்சு என்னடா முடிவு பண்றே" என்கிறார்.

ராடார்பித்தன் (சென்னை) | 4 டிசம்பர் 2024, இரவு 7.10

அப்பத்தா சொல்வது சரி. ஒரு வருஷம் போதாது. பழைய மே மாத மழையையும் அதே வருஷத்து வடகிழக்கு மழையையும் மாவட்டவாரியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செய்கிறேன், இங்கேயே போடுகிறேன். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை நண்பர்கள் நலமா என்று முதலில் எழுதுங்கள்.

உப்பளம் (வேதாரண்யம்) | 5 டிசம்பர் 2024, காலை 8.00

பாத்திகள் இப்போது தண்ணீரில் கிடக்கின்றன. அது வழக்கம்தான், இந்த மாதத்தில் எதிர்பார்த்ததுதான். தை கடந்து கரை கட்டி வேலை தொடங்குவோம்.

ராடார், அந்தக் கணக்கைப் போடும்போது எங்களுக்காக இன்னொன்றும் பாருங்கள். ஏப்ரல், மே, ஜூனில் மழையே இல்லாமல் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் வெயில் கிடைப்பது எந்த வாரங்களில் அதிகம் என்று நாகப்பட்டினம் கணக்கில் தெரியுமா? மொத்த மழை எவ்வளவு என்பது எங்களுக்கு உதவாது. அந்த இடைவெளி தெரிந்தால் எத்தனை பாத்தியில் தண்ணீர் விடுவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

பருத்திக்காடு (திருவாரூர்) | 5 டிசம்பர் 2024, காலை 8.40

அதே கணக்கு எனக்கும் வேண்டும். இந்த முறை வடிகாலை நானே ஆள் வைத்து வெட்டிவிட்டுத்தான் பருத்தி விதை வாங்கப் போகிறேன். தையிலேயே விதைத்தால் சித்திரைக்குள் முதல் எடுப்பு வந்துவிடும் என்று ஊரில் பேச்சு. கள அலுவலன் ஐயா, சம்பா அறுப்பு தள்ளிப்போனால் பருத்திக்குப் பதில் உளுந்தே போடலாமா?